உரோம நாணயங்களில் அரசகுலப் பெண்டிர்

தமிழகத்தில் கிடைத்த உரோம நாணயங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வணிகத்தோடு நின்றுவிடுகிறது. யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்ற செய்தியை அகநானூறு கூறுவதையும், கோவை வட்டாரத்திலும் புதுக்கோட்டையிலும் காசுக்குவியல்கள் அகப்பட்டதையும் மாணவர்க்கு எடுத்துரைக்கிறோம். அக்காசுகளின் மீதுள்ள உருவங்கள் யாருடையவை, அவை என்ன சொல்ல முற்பட்டன என்னும் வினாக்கள் அந்த அளவிற்கு எழுவதில்லை. அவ்வுருவங்களுள் பெண்ணுருவங்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

உரோமக் குடியரசில் உயிரோடிருப்பவரின் முகத்தைக் காசில் பொறிக்கும் வழக்கம் இல்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அம்மரபை மீறிய பின்னரே பெண்களுக்கும் வழி பிறந்தது. மார்க் ஆண்டனியின் காசுகளில் அவன் மனைவி ஒக்டேவியாவின் முகம் இடம்பெற்றது. கி.மு. 32ஐ ஒட்டி அவன் வெளியிட்ட வெள்ளிக்காசில் கிளியோபாத்ரா, மன்னர்களின் அரசி என்னும் பட்டத்தோடு காட்சியளிக்கிறாள். ஆயினும் இவை உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிழக்கே அச்சானவை. தலைநகரின் மரபாக இவற்றைக் கொள்ள இயலாது.

தலைநகர் மரபு அகஸ்டஸின் மனைவி லிவியாவிடம் தயங்கித் தயங்கியே தொடங்கியது. அகஸ்டஸ் இறந்த கி.பி. 14இல் அவள் ஜூலியா அகுஸ்தா என்னும் பெயரைப் பெற்றாள். கி.பி. 22-23இல் வெளிவந்த ஒரு காசில் 'சாலுஸ் அகுஸ்தா', அதாவது நலம் என்னும் தெய்வத்தின் பெயரோடு ஒரு பெண்முகம் உள்ளது. அது லிவியாவின் முகமே என்பர். அதே காலத்துச் செஸ்டர்ஷியஸ் என்னும் பெரிய காசில் கோவேறு கழுதைகள் இழுக்கும் தேரும் ஜூலியா அகுஸ்தாவின் பெயரும் உள்ளன. முகமுள்ள காசில் அவள் பெயரில்லை. பெயருள்ள காசில் முகமில்லை. மாகாண நகரங்கள் இத்தகைய தயக்கமின்றி இரண்டையும் சேர்த்தே பொறித்தன.

கலிகுலா இத்தயக்கத்தை ஒரே வீச்சில் உடைத்தான். கி.பி. 37-38இல் அவன் வெளியிட்ட செஸ்டர்ஷியஸின் பின்பக்கத்தில் அவனுடைய மூன்று தங்கையரும் நிற்கின்றனர். பாதுகாப்பு, இணக்கம், நற்பேறு ஆகிய தெய்வங்களின் சின்னங்களை ஏந்தியிருந்தாலும் அக்ரிப்பினா, துருசில்லா, ஜூலியா என்று அவர்தம் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. துருசில்லா கி.பி. 38இல் இறந்தாள். மற்ற இருவரும் மறு ஆண்டே சதிக்குற்றம் சாட்டப்பட்டு நாடுகடத்தப்பட்டனர்.

இவர்களுள் அக்ரிப்பினாவின் காசுகளே தமிழாசிரியர்க்கு மிகவும் சுவை பயப்பன; அவற்றின் செய்தி வேற்றுமையுருபில் அடங்கியிருக்கிறது. நாடுகடத்தலிலிருந்து மீண்ட அவள் கி.பி. 49இல் பேரரசன் கிளாடியஸை மணந்து, மறு ஆண்டில் அகுஸ்தா பட்டம் பெற்றாள். ஆளும் பேரரசனின் மனைவி அவன் வாழ்நாளிலேயே இப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. கிளாடியஸின் காசுகளில் கதிர்முடி சூடிய அவள் தலையைச் சுற்றி 'அக்ரிப்பினே அகுஸ்தே' என்னும் பொறிப்பு உள்ளது. 'அக்ரிப்பினா அகுஸ்தாவுக்கு' என்று அதனை நான்காம் வேற்றுமையாகக் கொள்வர்.

கி.பி. 54இல் கிளாடியஸ் இறக்க, பதினேழு வயதும் நிரம்பாத நீரோ அரியணை ஏறினான். அவ்வாண்டின் பொற்காசிலும் வெள்ளிக்காசிலும் முன்பக்கத்தில் தாயும் மகனும் ஒத்த அளவில் எதிரெதிரே நோக்குகின்றனர். அவர்களைச் சூழ்ந்துள்ள பெயரோ தாயுடையது: 'அக்ரிப்பினா அகுஸ்தா, தெய்வமாகிய கிளாடியஸின் மனைவி, நீரோ சீசரின் தாய்.' இஃது எழுவாய் வேற்றுமை. நீரோவின் பெயர் பின்பக்கத்தில் ஓக்கிலை மாலையைச் சுற்றி 'நீரோவுக்கு' என நிற்கிறது. மாலை செனட் அவையால் அளிக்கப்படுவது. ஆதலின் பெறுபவன் பெயர் நான்காம் வேற்றுமையில் வருவது இயல்பே, அதனை இழிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆளும் மன்னனின் பெயர் பின்பக்கத்திற்குச் சென்றதும், முன்பக்கத்தைத் தாயின் பெயர் பிடித்துக்கொண்டதும் இயல்பன்று.

மறு ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசை நோக்குகின்றனர். நீரோவின் முகம் முன்னே உள்ளது. தாயின் முகம் அதன் பின்னே விளிம்பாகத் தெரிகிறது. முன்பக்கப் பெயர் நீரோவுடையது. அவள் பெயர் யானைகள் பூட்டிய தேரைச் சுற்றிப் பின்பக்கத்திற்குப் போயிற்று. அதன்பின் உரோமின் காசுகளில் அவள் இல்லை. ஆர்மீனியத் தூதர் வந்தபோது மகனோடு மேடையில் அமர முற்பட்ட அவள் நாசூக்காகத் தடுக்கப்பட்டதையும், பின்னர் அரண்மனையினின்று விலக்கப்பட்டதையும் டாசிட்டஸ் எழுதுகிறார். அவள் மறைந்து இரு தலைமுறைக்குப் பின் எழுதிய அவருக்கு அவள்மீது பரிவு குறைவு. காசுகளோ நிகழ்ச்சி நடந்த மாதங்களிலேயே அச்சானவை. எனினும் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. கி.பி. 59இல் மகனின் ஆணையால் அவள் கொல்லப்பட்டாள்.

பிற்காலத்தில் அரசியரின் காசுகள் பெருகின. கி.பி. 140ஐ ஒட்டி இறந்த மூத்த ஃபாஸ்டினாவிற்கு அவள் கணவன் அந்தோனினஸ் பயஸ் வெளியிட்ட நினைவுக்காசுகள் எண்ணிறந்தன. செவரஸ் குடியின் ஜூலியா தோம்னா 'பாசறைகளின் தாய்' எனப்பட்டாள். இரட்டை மதிப்புக் காசுகளில் பேரரசன் கதிரவன்போல் கதிர்முடி சூட, அரசியின் மார்புருவம் பிறைமேல் அமைந்தது.

தமிழகத்திற்கு மிகுதியாக வந்தவற்றுள் ஒன்று டைபீரியஸின் காசு. அதன் பின்பக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளை லிவியா என்பாரும் அமைதித் தெய்வம் என்பாரும் உளர். பொறிப்பு டைபீரியஸின் குருத்துவப் பட்டத்தை மட்டும் கூறுவதால், அதனை மட்டும் கொண்டு லிவியா என்று அறுதியிடுதல் பொருந்தாது. லிவியாவை நினைவூட்டும் தெய்வவுருவம் எனக் கொள்வதே தகும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளுள்ளும் இவ்வகை மிகுதி. அக்குவியலின் காசுகளுள் பெரும்பாலானவற்றில் உளியால் வெட்டிய தழும்பு உண்டு. நாணயமாக அவை மீண்டும் வழங்காதிருக்கச் செய்த குறி அஃது என்பது ஒரு கருத்து. அவ்வெட்டு விழுந்தது முன்பக்கத்திலுள்ள பேரரசனின் தலைமீது.