எதிர்க்காற்று

சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் குறிகட்டுவான் துறையிலே மனிதரின் நேரக்கணக்குச் செல்லாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் அந்தப் புங்குடுதீவுக் கரையில், சென்ற ஆனி மாதத்துக் காலைப்பொழுது ஒன்றைக் காத்திருந்தே கழித்தேன். நெடுந்தீவு மாணவர்க்கு விளையாட்டுப் பற்றி உரையாற்ற இசைந்திருந்தேன். கையிலே குறிப்பேடு, மனத்திலே அவசரம். படகோட்டியோ நெடுநேரம் கடலையே பார்த்து நின்றார்.

“மாஸ்ரர், இப்ப வெளிக்கிட ஏலாது. காத்துக் குறையட்டும்.”

“ஒரு மணித்தியாலப் பயணந்தானே, அண்ணை?”

“அது எங்கட கணக்கு. கடலுக்கு மணித்தியாலம் தெரியாது.”

எனக்குச் சினம் வந்தது. இவ்வளவு அச்சம் கொண்டவருக்குப் படகு எதற்கு என்றுகூட எண்ணினேன். எண்ணியவாறே குறிப்பேட்டைத் திறந்தேன். அதிலே நான் எழுதி வைத்திருந்த பொருளோ, காற்றை வென்ற மனிதரைப் பற்றியது!

பனிநாடுகளிலே ‘பனிச்சறுக்குப் பறத்தல்’ என்றொரு போட்டி உண்டு. வீரர் மலைமுகட்டிலே ஒரு வாங்கில் அமர்ந்திருப்பார். காலிலே நீண்ட சறுக்குப் பலகைகள். எழுந்து விட்டால், மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் சரிந்து, விளிம்பிலிருந்து வெளியிலே பாய்வார். பின்னர் இறக்கை இல்லை, இயந்திரம் இல்லை. உடலைப் பலகைகளின் மேல் முன்சாய்த்துக் காற்றிலே படுத்துச் செல்ல வேண்டியதே. நம் சிறுவர்கள் பட்டம் ஏற்றும்போது காணும் உண்மையே இங்கும்: எதிர்க்காற்றே உயர்த்தும், பின்காற்றோ கீழே தள்ளும்.

சுலோவேனியாவின் பிளானிட்சாவிலே 1936 இல் செப் பிராடல் முதன்முதலாக நூறு மீற்றரைத் தாண்டினார். 1994 இல் அதே இடத்தில் தோனி நீமினன் இருநூறைத் தாண்டினார். 2025 மார்ச்சில் தொமென் பிரெவ்ச் 254.5 மீற்றர் பறந்தார்; அவர் தங்கை நிக்காவும் அதே மாதத்தில் நோர்வேயின் விக்கர்சுண்டிலே 236 மீற்றர் பறந்து மகளிர்க்குரிய புதிய எல்லையை நாட்டினார்.

இந்த எண்களையே மாணவர்க்குச் சொல்லிக் கைதட்டல் பெற எண்ணியிருந்தேன். ஏட்டின் அடியிலே வேறொரு பெயரும் இருந்தது: வால்ட்டர் ஸ்ரைனர்.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த இவர் மரச்சிற்பி. 1972 இல் பிளானிட்சாவில் நடந்த முதலாவது உலகப் பறத்தல் சாம்பியன் போட்டியிலே வென்றவர். 1974 இல் அங்கு மீண்டும் வந்தபோது, மற்றவரை விட மிகத் தொலைவு பறந்தார். வெற்றியன்றோ என்கிறீரா? அங்கேதான் ஆபத்து. இறங்கும் சரிவு செங்குத்தாக உள்ளவரை, வீழும் உடல் அதனோடு ஒட்டி வழுக்கிச் செல்லும். சரிவு முடிந்து நிலம் மட்டமாகும் இடத்திலோ, தரை எதிர்நின்று அறையும். அவர் விழுந்தார், முகத்திலே குருதி வழிந்தது. பின்னர் அவர் செய்ததுதான் வியப்பு. மற்றவர் புறப்பட்ட உயரத்துக்குக் கீழே, வேகம் குறையுமாறு, தாமாகவே இறங்கி நின்று புறப்பட்டார். அவ்வாறு புறப்பட்டும் வென்றார்.

நம்மவர் கதையொன்றும் நினைவுக்கு வந்தது. யாழ். மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த எதிர்வீரசிங்கம் 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து பொற்பதக்கம் பெற்றார். ஆசிய விழாவிலே இலங்கைக்குக் கிடைத்த முதற்பொன் அதுவே. உயரம் பாய்தலில் தடி ஏறிக்கொண்டே போகும். வென்றவரும் இறுதியில் ஒரு தடியிலே தோற்றுத்தான் களம் நீங்குவார். அங்கே தடி வீழ்வதோடு சரி. பறத்தலிலோ அந்த இறுதித் தோல்வி உயிரையே கேட்கும். ஆகவே அங்கே ஏறுவதற்கு வேண்டிய துணிவை விட, இறங்கி நிற்பதற்கு வேண்டிய துணிவு பெரிது.

குறிப்பேட்டை மூடி நிமிர்ந்தேன். படகோட்டி இன்னமும் கடலையே பார்த்துக் கொண்டிருந்தார். அன்றைய கூலியை இழந்து நிற்பவர் அவர். உரையாற்றும் பெருமையை மட்டும் இழந்தவன் நான். சற்றுமுன் அச்சம் என்று நான் பெயரிட்டதை எண்ணி நாணினேன். அன்று படகு போகவில்லை.

மூன்று நாள் கழித்து, அதே படகில், அதே ஓட்டியோடு நெடுந்தீவு சேர்ந்தேன். பிராடலைக் கொண்டு தொடங்கவில்லை. குறிகட்டுவானைக் கொண்டு தொடங்கினேன். ஸ்ரைனரின் கதை முடிந்ததும் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்:

“சேர், கீழ இறங்கி நிண்டதுக்கு அவருக்குப் புள்ளி குடுத்தவையா?”

அன்று கொடுக்கவில்லை என்றேன். 2009 ஆம் ஆண்டளவிலேதான் விதி மாறத் தொடங்கிற்று. எதிர்க்காற்றின் உதவி பெற்றவருக்குப் புள்ளி குறைப்பர். பின்காற்றில் பறந்தவருக்குக் கூட்டுவர். தாழ்ந்த வாங்கிலிருந்து புறப்பட்டவருக்கும் ஈடு செய்வர்.

“அப்ப எங்கட ஓட்டி ஐயாவுக்கு?” என்றாள் அவள்.

வகுப்பு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாலையிலே திரும்பும்போது, படகின் பின்புறத்தில் நின்ற அவரிடம் அந்தக் கேள்வியை அப்படியே ஒப்புவித்தேன். அவர் காற்றைப் பார்த்தபடியே புன்னகை செய்தார்.