மூன்றே முறைதான் விழலாம்

திரைக்குள்ளே ஒரு காடு – 11

நான்கு பேர் சேர்ந்து வேட்டைக்குப் போகிறீர்கள். நால்வருக்கும் சேர்த்து மூன்று முறைதான் விழலாம். ஆளுக்கு மூன்று என்று நினைத்துக்கொண்டு வருகிற புதியவர்தான் முதல் நாளிலேயே மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார். ஒருவரே மூன்று முறையும் விழுந்து கணக்கை முடித்துவிட்டால், மற்ற மூவரும் கீறல்கூடப் படாமல் நின்றிருந்தாலும் தோல்விதான். விழுந்தவரைப் பூனைகள் தள்ளுவண்டியில் போட்டு இழுத்துவந்து முகாமில் கொட்டிவிட்டுப் போகும். முதல் தடவை பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மூன்றாவது வண்டி வரும்போது யாரும் சிரிப்பதில்லை.

இந்த வாரம் ‘மான்ஸ்டர் ஹன்டர்’. ஒசாக்காவிலுள்ள கேப்கொம் நிறுவனம் 2004இல் பிளேஸ்டேஷன் 2க்காகக் கொண்டுவந்த விளையாட்டு. பிறகு பிஎஸ்பி காலத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கருவியோடு ஒரே மிருகத்தைத் துரத்தினார்கள். ஜப்பானுக்கு வெளியே அது பெரிதாகப் பிடித்துக்கொண்டது 2018 ஜனவரியில் ‘வேர்ல்ட்’ வந்த பிறகுதான். 2025 பெப்ரவரி 28இல் வெளியான ‘வைல்ட்ஸ்’ மூன்றே நாளில் 80 இலட்சம் பிரதிகள் விற்றது. ஆனாலும் கண்டியில் நாலு பேர் சேர்ந்து புதிதாக ஆரம்பிப்பதென்றால் ‘வேர்ல்ட்’டைத்தான் நான் சொல்வேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வேறு விளையாட்டுகளில் பழகி வருகிறவர்களை முதலில் குழப்புவது, இங்கே வேட்டைக்காரருக்கு லெவல் ஏறாது என்பது. நூறு குட்டி மிருகங்களை அடித்துப் போட்டாலும் உங்கள் கையில் பலம் கூடாது. பெரியதொன்றை வீழ்த்தி, அதன் செதிலையும் எலும்பையும் நகத்தையும் கொண்டுவந்து கொல்லரிடம் கொடுத்தால் கவசம் கிடைக்கும், ஆயுதம் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். கவசமும் ஓரளவுக்குத்தான் தாங்கும். மிச்சத்தைக் கண்ணும் பொறுமையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்முடைய தீவில் யானையை இரண்டு விதமானவர்கள் தேடிப் போயிருக்கிறார்கள். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் சுட்ட யானைகள் 1400 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்பதை மலைநாட்டில் சொல்கிறவர்கள் ஒரு திருப்தியோடுதான் சொல்வார்கள். சில வருடம் கழித்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், துப்பாக்கியும் நாய்களுமாக வேட்டையாடி, அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

மற்ற வகை, கிழக்கே ஏறாவூர்ப் பக்கத்துப் பணிக்கர்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள். யானை பிடிப்பது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். கையில் துப்பாக்கி கிடையாது, தோலில் முறுக்கிய கயிறு மட்டும். காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தன்னுடைய இலங்கை நூலில் பணிக்கர்களை வியந்து எழுதியிருக்கிறார். ஒருவர் முன்னால் நின்று யானையின் கவனத்தை இழுத்துவைப்பார். இன்னொருவர் பின்பக்கமாக ஊர்ந்துபோய், அது பின்னங்காலைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுருக்கை மாட்டுவார். கயிற்றின் மறுமுனை மரத்துக்குப் போகும். யானை எப்போது காலை மாற்றும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் தெரியாத ஆளை அந்தக் கூட்டத்தில் வைத்திருக்க முடியாது. கண்டி அரசவையில் யானைப் பகுதிக்கென்றே ஒரு தலைவர் இருந்தார்; அந்தப் பதவியின் பெயரைச் சுமந்த கஜநாயக்க நிலமே இன்றும் எசல பெரஹெராவில் யானைமீது வருகிறார்.

மான்ஸ்டர் ஹன்டருக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ரொஜர்ஸாகத்தான் வருகிறார்கள். கொஞ்ச நாளில் பணிக்கராக மாறியவர்கள் நிலைக்கிறார்கள், மற்றவர்கள் விளையாட்டை அழித்துவிட்டுப் போகிறார்கள்.

‘வேர்ல்ட்’டில் முதலில் வரும் பெரிய மிருகம் கிரேட் ஜாக்ராஸ். கண்டி வாவிக் கரையில் வெயில் காய்கிற கபரகொய்யாவை ஒரு பஸ்ஸளவுக்குப் பெருப்பித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். நடுவழியில் சண்டையை விட்டுவிட்டுப் போய், புல் மேய்கிற பிராணி ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டு, வயிறு தரையில் இழுபடத் திரும்பி வரும். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. அந்த வயிற்றிலேயே விடாமல் அடித்தால் விழுங்கியதைக் கக்கிவிட்டுத் தடுமாறும். விளையாட்டு உங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம் இது: மிருகம் என்ன செய்தது என்று பார், பிறகு அடி.

அந்தப் பாடத்தைப் படிக்காதவர்களை அஞ்சநாத் நிறுத்திவைக்கும். நெருப்புக் கக்குகிற, டைனோசர் உடம்புக்காரன். ‘வேர்ல்ட்’டை மூடிவைத்துவிட்டுப் போனவர்களில் பெரும்பாலானோர் இவனிடம் தோற்றவர்கள்தான். இவனோடு முதல் ஐந்து நிமிடம் ஆயுதத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். வேட்டைக்கு 50 நிமிடம் இருக்கிறது, ஐந்து போனால் குடிமுழுகிவிடாது. சும்மா சுற்றி நடந்து பாருங்கள். மூக்கின் மேல் ஒரு சவ்வு படக்கென்று விரியும். நெருப்பு வரப்போகிறது என்று அர்த்தம். நெருப்பு முன்னால்தான் போகும். பின்னங்காலோரம் நிற்பவருக்கு அந்த நேரம் தீபாவளி. வாலை மட்டும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிபட்டுக் கீழே விழுந்தால் எழுந்த உடனேயே மருந்தைக் குடிக்கப் போகிறவர்கள்தான் அதிகம். குடித்து முடிக்கச் சில வினாடி எடுக்கும், அதற்குள் இரண்டாவது அடி விழும். ஆயுதத்தை உறையில் போடுங்கள், ஓடுங்கள், ஒரு திருப்பத்துக்கு அப்பால் போய்க் குடியுங்கள். மிருகத்துக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பாய்கிற பட்டனை அழுத்தினால், ஆள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குப்புறப் பாய்வார். பார்க்க மானக்கேடாக இருந்தாலும் அந்தப் பாய்ச்சலில் எந்த அடியும் படாது. ஆயுதம் உறையில் இருந்தால்தான் இது நடக்கும். எப்போதும் வாளை உருவிக்கொண்டே திரிகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்காகும்.

பதினான்கு வகை ஆயுதம் இருக்கிறது. எது நல்லது என்று கேட்காதவர் கிடையாது. பயிற்சிக் களத்துக்குப் போய் எல்லாவற்றையும் வீசிப் பார்த்துவிட்டுக் கைக்குப் பிடித்ததை எடுங்கள் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் நாலு பேராகப் போகும்போது இன்னொரு கேள்வி வருகிறது: பக்கத்தில் நிற்கிறவருக்கு நீங்கள் தொல்லையா? லாங் சோர்ட் எடுத்தவர் மிருகத்தை வெட்டுவதாக நினைத்துக்கொண்டு நண்பனின் காலை வாரிக்கொண்டே இருப்பார். அதை எடுத்தவர் வால் பக்கம் போய்விடுவது நல்லது. வாலை வெட்டி விழுத்தினால் அதிலும் தனியாக அறுத்து எடுக்கலாம். சுத்தியல்காரருக்குத் தலையை விட்டுவிட வேண்டும், தலையில் போதுமான அளவு அடித்தால் மிருகம் மயங்கி விழும். வாளும் கேடயமும் எடுத்தவர் ஆயுதத்தை உறையில் போடாமலே மருந்து குடிக்கலாம், கூட இருப்பவர்களையும் தேற்றுகிற பொடி தூவலாம். ஆரம்பிக்கிறவருக்கு என் கை அதை நோக்கித்தான் போகும். ஹன்டிங் ஹோர்ன் என்று ஒன்று இருக்கிறது. ஊதிக்கொண்டே அடிப்பது, ஊதுகிற ஊதலில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் தாக்கும் பலமும் தற்காப்பும் கூடும். புதியவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் மனம் வைத்து அதைப் பழகிவிட்டால் மற்ற மூவரும் அவரை விடவே மாட்டார்கள்.

ஆள் கூடினால் மிருகத்தின் உயிரும் கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் நான்காவது ஆளாகச் சும்மா வந்து நிற்கிறவர் வெறும் பார்வையாளர் அல்ல, பாரம். வேட்டை முடிந்த பிறகு பங்குச் சண்டை மட்டும் கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக அறுத்து எடுக்கலாம், ஒருவர் எடுத்ததால் இன்னொருவருக்குக் குறையாது.

கண்டியில் நாலு பேர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விளையாடுவதைக் கேட்பதே தனிச் சுவை. “ஒன்ன எனவா, எனவா!” (இதோ வருது, வருது!) என்று ஒருவர் சிங்களத்தில் கத்துவார். “டேய் என்னைத் தள்ளாத, வாலுக்குப் போ!” என்பார் மற்றவர். அடிபட்டுக் களைத்த மிருகம் நொண்டிக்கொண்டு தன் கூட்டுக்குப் போய்ப் படுத்துவிடும். “பொறு மச்சான், தூங்குது, ஒருத்தரும் கை வைக்காதீங்க.” இந்த ஒரு வசனத்தை எந்தப் புதியவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். தூங்குகிற மிருகத்தின் மேல் விழும் முதல் அடிக்கு இரட்டிப்புப் பலன். கிரேட் சோர்ட் வைத்திருப்பவர் நிதானமாக வந்து, முழுதாக ஓங்கி ஒரு போடு போட வேண்டிய இடம் அது. ஆசைப்பட்டுச் சின்னக் கத்தியால் ஒரு கீறு கீறி எழுப்பிவிடுகிறவருக்குக் கிடைக்கும் ஏச்சு மும்மொழியிலும் இருக்கும்.

கொல்லத்தான் வேண்டும் என்றும் இல்லை. நொண்ட ஆரம்பித்ததும் பொறியை வைத்து, அது மாட்டியதும் மயக்கக் குண்டு இரண்டை எறிந்தால் உயிரோடு பிடித்துவிடலாம். நேரமும் மிச்சம். பொறி யார் வைப்பது, குண்டு யார் எறிவது என்று புறப்படும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாலு பேரும் ஒரே நேரத்தில் பொறி வைத்துக்கொண்டு நிற்பீர்கள். புறப்படுமுன் சாப்பிடுவதும் கட்டாயம். சாப்பிடாமல் போனால் உயிரளவு 100தான், நல்ல சாப்பாட்டோடு 150 வரை போகும். விழுந்தால் சாப்பிட்ட பலனும் போய்விடும், முகாமில் மறுபடி சாப்பிடலாம். ஆயுதம் மிருகத்தின் மேல் பட்டுத் தெறித்தால் அநேகமாக அது மழுங்கிவிட்டது, ஒதுங்கிப்போய்ச் சாணை பிடியுங்கள். இவ்வளவு தெரிந்தால் ஒரு மாதம் ஓட்டலாம்.

இனி நம்மூர் நடைமுறை. ‘வைல்ட்ஸ்’ஸுக்கு 75 ஜிபி இடமுள்ள எஸ்எஸ்டி வேண்டும், ஓரளவு புதிய கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். வீட்டு மடிக்கணினியில் அது மூச்சுவாங்கும். இதே வரிசையிலுள்ள ‘ரைஸ்’ மிகச் சாதாரணக் கணினியிலும் ஓடும். ‘வேர்ல்ட்’ இரண்டுக்கும் நடுவில்; ஸ்டீமில் அடிக்கடி நல்ல தள்ளுபடிக்கு வருகிறது, கற்றுக்கொடுப்பதிலும் பொறுமை கூடியது. தரவிறக்கத்தை நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ‘வேர்ல்ட்’டில் ஒரு வில்லங்கமும் உண்டு: கதை நகரும் வேட்டைகளில் புதிய மிருகம் அறிமுகமாகும் காட்சியை அவரவர் தனியாகப் பார்த்து முடிக்கும்வரை மற்றவர் உள்ளே வர முடியாது. நால்வரும் தனித்தனியாகப் போய்க் காட்சியைப் பார்த்துவிட்டு, மூவர் திரும்பி வந்து ஒருவருடைய வேட்டையில் சேர்ந்துகொள்வதுதான் வழி. முட்டாள்தனமான ஏற்பாடு, ஆனால் அதுதான் இருக்கிறது.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் எந்த விளையாட்டைப் பற்றியும் எழுத முடியாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை வெட்டிய காலத்தில், கட்டுகஸ்தோட்டையில் இருப்பவருக்கு ஒரு மின்வெட்டுக் குழு, பேராதனையில் இருப்பவருக்கு வேறொரு குழு. நால்வருக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் இருக்கிற மணியைக் கண்டுபிடிப்பதே முதல் வேட்டை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு முழு நாடும் இருண்டது. அந்த வார இறுதியில்தான் ‘வைல்ட்ஸ்’ஸின் சோதனைப் பதிப்பு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. எந்தக் கேப்கொம் மிருகமும் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களை ஒரே அடியில் விழுத்தியதில்லை. ஒருவர் இணைப்பு அறுந்து மறைந்துபோனாலும் மற்றவர்கள் வேட்டையைத் தொடரலாம் என்பது மட்டும் ஆறுதல்.

கணினியே இல்லையா? 2023 செப்டெம்பரில் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர் நவ்’ கைபேசியில் ஓடும். நீங்கள் நடக்கிற தெருவே காடு. ஒரு வேட்டைக்கு 75 வினாடி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டத் தொடங்கிய வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடைபாதை இருக்கிறது, பக்கத்திலேயே உடவத்தைக்கலைக் காடு, சற்றுத் தள்ளிப் பேராதனைப் பூங்கா. நடக்கச் சோம்பல் படுகிற பிள்ளைகளை வெளியே இழுத்துவரப் பெற்றோருக்கு இதைவிடச் சாக்கு கிடைக்காது. ஆனால் தலதா மாளிகைச் சுற்றாடலில் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வழிபட வருகிறவர்கள் நடுவே நின்று திரையைக் குத்திக்கொண்டிருந்தால் காவலுக்கு நிற்பவர் கூப்பிட்டு விசாரிப்பார், விசாரிக்கத்தான் வேண்டும். அங்கே கண்ணில் பட்ட மிருகத்துக்குப் பெயின்ட்போல் ஒன்றை எறிந்து குறிவைத்துக்கொண்டால் போதும். மழைக்கு முன் வீட்டுக்குப் போய், தேநீரோடு உட்கார்ந்து அடித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: இதே மிருகங்களை முட்டையிலிருந்து பொரித்து வளர்த்து, ஏறிச் சவாரி செய்கிற ‘மான்ஸ்டர் ஹன்டர் ஸ்டோரீஸ்’.