குளிர்ந்த பாணும் சரக்குக் கறியும்

பிள்ளை பெற்றவளுக்கு யாழ்ப்பாணத்தில் சுடச்சுடச் சோறும் சரக்குக் கறியும். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அரைத்துப் பால்சுறா போட்டு வைப்பார்கள். நொச்சியும் பாவட்டையும் அவித்த நீரில் குளிப்பு. காதை மூடித் துணி, காற்றுப் படாமல் சாத்திய அறை. 1980களின் நடுவில் அகதியாக மேற்கு ஜேர்மனிக்கு வந்த பெண்ணுக்கோ, பிரசவமான அன்று மாலையே குளிர்ந்த பாணும் சீஸும் தட்டில் வந்தன. தாதி யன்னலை அகலத் திறந்துவிட்டுப் போனாள். குழந்தைக்கும் தாய்க்கும் நல்ல காற்று வேண்டும் என்பது அவள் படித்த பாடம். காற்றுப் பட்டால் உடம்புக்குள் குளிர் இறங்கிவிடும் என்பது இவள் தாயிடம் கேட்டது. இதைச் சொல்லிக்கொள்ள இருவருக்கும் பொதுவான மொழி இல்லை.

அம்மா ஊரில், போருக்குள். பக்கத்து நகரில் அக்கா இருந்தாலும் உடனே வந்துவிட முடியாது. புகலிடம் கேட்டவர்கள் அனுமதியில்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்று 1982ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. கர்ப்பிணிகளுக்கு 1961 முதல் வழங்கப்படும் 'முட்டர்பாஸ்' என்ற சிறு புத்தகம் கைப்பையில் இருக்கும். தன் இரத்த வகையும் குழந்தையின் வளர்ச்சியும் எழுதிய அந்தப் பக்கங்களை அவளால் வாசிக்க முடியாது.

அந்தத் தனிமையில் துணை நின்றவள் மருத்துவிச்சி, ஜேர்மன் மொழியில் 'ஹெபாமெ'. அவசர நிலை தவிர, மருத்துவிச்சி இல்லாமல் டொக்டர்கூடப் பிரசவம் பார்க்கக்கூடாது என்பது ஜேர்மன் சட்டம். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவள் தேடி வருவாள். அகதிகள் விடுதியின் ஒற்றை அறையில் குழந்தையை நிறுப்பாள், தொப்புளைப் பார்ப்பாள், மார்பில் பால் கட்டினால் என்ன செய்வதென்று கைச்சைகையால் காட்டுவாள். அன்று பிள்ளை பெற்றவர்களிடம் இன்று பேச்சுக் கொடுத்தாலும் முதலில் 'என்ர ஹெபாமெ' என்றுதான் தொடங்குகிறார்கள்.

பிறந்த பிள்ளையும் வெளிநாட்டவர்தான். பெற்றோரில் ஒருவர் 8 ஆண்டுகள் சட்டபூர்வமாக வாழ்ந்திருந்தால் குழந்தைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை என்ற விதி 2000 ஜனவரியில்தான் வந்தது. 2024 ஜூனில் அது 5 ஆண்டுகளாகக் குறைந்தது.

அந்தப் பிள்ளைகள் இப்போது தாய்மார். முட்டர்பாஸை வரி வரியாக வாசித்து, டொக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். கணவர் பிரசவ அறைக்குள் கைபிடித்து நிற்கிறார். பிறகு 2007இல் வந்த பெற்றோர் கொடுப்பனவில் அவரும் சில மாதம் வீட்டில் இருக்கிறார். அம்மா அதே நகரத்திலிருந்து சரக்குத்தண்ணியைக் குடுவையில் கொண்டுவருகிறார். ஆனால் மருத்துவிச்சி கிடைப்பது பெரும்பாடு. கர்ப்பம் உறுதியான வாரமே தேடத் தொடங்கவேண்டும். 1991இல் 1,100க்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் பிரசவம் நடந்தது. இன்று அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதி. சிறுநகரப் பெண்கள் வலியோடு தூரம் போகிறார்கள். இவ்வளவு வசதியுள்ள நாடு இதை நடக்கவிட்டிருக்கக்கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அம்மாவுக்கு ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான். முன்கூட்டியே வரவழைத்தால் பேரப்பிள்ளையைக் கொஞ்ச நாள் போதாது. தாமதித்தால் வலி எடுக்கும் இரவில் பக்கத்தில் ஆளில்லை. இரண்டாவது பிரசவமென்றால், மூத்த பிள்ளையை யாரிடம் விடுவதென்ற கவலையும் சேரும்.

மொழி தெரியாதவளின் நிலையோ அதிகம் மாறவில்லை. மொழிபெயர்ப்பாளர் செலவைப் பொதுக் காப்புறுதி இன்றுவரை ஏற்பதில்லை. சிசேரியன் ஒப்புதல் படிவத்தைக் கைபேசிச் செயலியில் வாசித்துக் கையெழுத்திடுகிறார்கள். வயிறு கிழிக்கப்படப்போகும் ஒருத்திக்கு, ஏன் எதற்கு என்று அவள் மொழியில் சொல்ல ஆள் வைப்பது மருத்துவத்தின் பகுதிதான். அதற்குக் காப்புறுதி பணம் கட்டவேண்டும். இப்போது அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர்களில், அன்று விடுதி அறையில் தனியே பிள்ளை வளர்த்த பெண்களும் இருக்கிறார்கள். பரிசோதனைக்குக் கூடப் போவதும், எந்த மருத்துவிச்சியிடம் இடமிருக்கிறது என்று விசாரித்து எண் வாங்கித் தருவதும் அவர்கள்தான்.