ஃப்ளாட்டுக்குள் ஒரு வேட்டைக்காரி

நாய் வளர்த்தால் காலையும் மாலையும் வாக்கிங் கூட்டிப்போக வேண்டும், பூனைக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒரு கணக்கை நம்பித்தான் அபார்ட்மென்ட்வாசிகள் பலர் பூனைக்குட்டி வாங்குகிறார்கள். கொல்லையும் ஓட்டுக்கூரையும் இருந்த வீடுகளில் அந்தக் கணக்கு சரிதான். எலி பிடிப்பது, கூரையேறிப் படுப்பது, மண்ணைத் தோண்டி மூடுவது, மரத்தில் நகம் தீட்டுவது எல்லாவற்றையும் பூனை தானே பார்த்துக்கொண்டது. கதவு சாத்திய ஃப்ளாட்டில் இந்த நான்குக்கும் நாம்தான் வழி செய்தாக வேண்டும்.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் தனியாக வேட்டையாடிய காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழைய மனிதப் புதைகுழி ஒன்றுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பழைய உறவு. ஆனாலும் பூனையின் உடம்பின் தேவைகள் இன்னும் வேட்டைக்காரியின் தேவைகள்தான்.

தட்டில் என்ன?

டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தயாரிக்கப் பூனையின் உடம்பால் முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-லும், இதயம் பலவீனமாகும் என்பது 1987-லும் உறுதியானது. ‘எங்கள் வீட்டுப் பூனை தயிர்சாதத்திலேயே வளர்ந்ததே’ என்பவர்கள், அது ராத்திரியில் பிடித்துத் தின்ற எலியையும் பல்லியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாய்க்கான தீவனமும் இதற்கு ஆகாது.

மத்தி, நெத்திலி கொடுப்பவர்கள் வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கட்டும். சில மீன்களைப் பச்சையாகவே கொடுத்துவந்தால் பி1 வைட்டமின் அழியும். டாரின் நீரில் கரையும் என்பதால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதையும் ஊற்ற வேண்டும். அதற்காக மீன் மட்டுமே முழு உணவாகிவிடாது. பூனைக்கென்று விற்கும் தரமான உணவே அன்றாடத்துக்குப் பாதுகாப்பு. வெங்காயம், பூண்டு விழுந்த குழம்புச் சோறு ரத்த அணுக்களைச் சிதைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

தண்ணீரும் மண்தட்டும்

எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். கடையில் வாங்கும் உலர்ந்த உணவிலோ 10 சதவீதம்தான். வறண்ட நிலத்துப் பிராணிக்குத் தாகம் குறைவு. கிண்ணம் பக்கத்திலேயே இருந்தாலும் தேவையான அளவு குடிக்காது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணங்களில் தண்ணீர் வைக்கலாம். ஈரமான உணவையும் சேர்க்கலாம்.

குடித்தது போதுமா என்பதை, பூனை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும் மண்தட்டு சொல்லிவிடும். அதில் நிரப்பும் பெண்டோனைட் களிமண், பட்ட ஈரத்தைப் பிடித்துக் கட்டியாகும். காலையில் கரண்டியால் அள்ளும்போது நேற்று எத்தனை கட்டி, என்ன பருமன் என்று பார்த்தால் போதும். செலவில்லாத சிறுநீர்ப் பரிசோதனை. ஆண் பூனை அடிக்கடி தட்டில் போய் முக்கி உட்கார்ந்தும் கட்டியே விழவில்லையா? சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது. தட்டு நாறினால் பூனை சோபாவைத் தேடிப் போகும். அதில் அதன் தப்பு ஒன்றுமில்லை.

ஏறவும் கீறவும்

நகத்தால் கீறுவது குறும்பு அல்ல; நகத்தின் மேலுறை உதிரவும், உடம்பை நீட்டி முறுக்கெடுக்கவும், தன் வாசனையைப் பதிக்கவும் கீறுகிறது. நிமிர்ந்து எட்டும் உயரத்தில், அசையாத கட்டையில் சணல் கயிற்றைச் சுற்றி சோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்தால், சோபா தப்பிக்க வாய்ப்புண்டு. பீரோ மேல் ஓர் இடம், சாப்பாட்டுக்கு முன் கயிற்றில் கட்டிய இறகைத் துரத்தப் பத்து நிமிடம்: வேட்டை, தீனி, தூக்கம் என்ற வரிசை கைகூடிவிடும். பூனை தவறி விழாமலிருக்கப் பால்கனிக்குப் புறாவலை கட்டாயம்.

அலமாரியில் ஆபத்து

அரை பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொல்லலாம். நாயின் உண்ணிக்குத் தடவும் பெர்மெத்ரின் மருந்தும் விஷம். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போகும். பாச்சை உருண்டையும் பூனைக்கு எட்டக் கூடாது.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை ஆகியவற்றை டாக்டரிடம் பேசித் தேதி குறித்துவிட வேண்டும். தூக்கிப்போகும் கூடையை எப்போதும் திறந்தே ஹாலில் போட்டு வைத்தால், அவசரத்தில் பூனையைத் துரத்திப் பிடிக்கும் போராட்டம் இருக்காது. வலியை வெளியே காட்டினால் எதிரிக்கு இரையாகும் என்பது அதன் காட்டுப் பாடம். அதனால் நோவு வந்தாலும் முனகாது, மூலையில் ஒதுங்கும். ஒருநாள் முழுக்கத் தட்டைத் தொடாத பூனையை ‘பிகு பண்ணுது’ என்று விடாதீர்கள். பட்டினி நீண்டால், குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து கெட்டுவிடும். மறுநாள் காலை முதல் வேலை டாக்டர்தான்.