திருப்புதலும் சுழற்றுதலும்

தமிழில் ‘திருப்பு’ என்னும் வினை இருவேறு செயல்களைக் குறிக்கிறது. சாவியைத் திருப்பும்போது அது தன் அச்சில் சுழல்கிறது. நூலின் பக்கத்தைத் திருப்பும்போதோ தாளின் மறுபுறம் மேலே வருகிறது. அன்றாடப் பேச்சில் இதனால் இடர்ப்பாடு இல்லை. வடிவியல் பாடத்தில் இடர்ப்பாடு உண்டு.

அட்டையில் ஓர் இணைகரத்தை வெட்டிக்கொள்வோம். அது செவ்வகமாகவோ சாய்சதுரமாகவோ இருத்தல் கூடாது. தாளின்மேல் அதனை வைத்து, விளிம்பை ஒட்டிக் கோடு வரைவோம். ‘அட்டையைத் திருப்பி அதே கோட்டுக்குள் பொருத்துக’ என்று கூறினால், ஒரு மாணவர் அட்டையைப் புரட்டுவார்; பின்னர் எவ்வாறு வைத்தாலும் அது பொருந்தாது. மற்றொருவர் அதனைத் தாளிலிருந்து எடுக்காமலேயே அரைச்சுற்றுச் சுழற்றுவார். இம்மியும் பிசகாமல் பொருந்தும். இருவருமே ஆசிரியர் சொன்னதைத்தான் செய்தனர்.

முதல் மாணவர் கண்டது, இவ்விணைகரத்துக்குச் சமச்சீர்க் கோடு இல்லை என்னும் உண்மை. மூலைவிட்டம் அதனை இரண்டு சர்வசம முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஆயினும், அதன் வழியே மடித்தால் ஒன்றின்மேல் மற்றொன்று படிவதில்லை. ‘இரு சம பாதிகளாகப் பிரிப்பதே சமச்சீர்க் கோடு’ என்று மட்டும் கற்பித்தால் அது போதாது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் மாணவர் கண்டது சுழல் சமச்சீர். மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியில் குண்டூசி குத்தி 180 பாகை சுழற்றினால், ஒவ்வொரு முனையும் எதிர்முனையின் இடத்தை அடைகிறது. முழுச்சுற்று ஒன்றில் வடிவம் தன்மேல் எத்தனை முறை பொருந்துகிறதோ, அந்த எண்ணே சுழல் சமச்சீர் வரிசை. இணைகரத்துக்கு அது 2, சமபக்க முக்கோணத்துக்கு 3, சதுரத்துக்கு 4. 360 பாகையை அவ்வெண்ணால் வகுத்தால் மிகச் சிறிய சுழற்சிக் கோணம் கிடைக்கும். 360 பாகையில் எவ்வடிவமும் தன்மேல் பொருந்தும் ஆதலால், வரிசை 1 எனில் சுழல் சமச்சீர் இல்லை என்றே கொள்கிறோம்.

நம் நெடுங்கணக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளையும் ஒரே அளவினவாக, சமபக்க முக்கோணத்தின் முனைகளில் இட்டால், 120 பாகைக்கு ஒருமுறை அது பொருந்தும். ஒரு புள்ளிக்கு மட்டும் வண்ணம் தீட்டிச் சுழற்றிப் பார்த்தால், புள்ளிகள் இடம் மாறியும் வடிவம் மாறாமை விளங்கும். மேற்புள்ளியைச் சற்றே உயர்த்திவிட்டாலோ சுழல் சமச்சீர் மறைந்து, நடுவே செல்லும் ஒரு சமச்சீர்க் கோடு மட்டுமே எஞ்சும். இணைகரத்துக்கு நேர்மாறான நிலை இது!

ஆகவே, வகுப்பறையில் ‘சுழற்று’, ‘புரட்டு’ என்னும் சொற்களைப் பிரித்தாள்வதே முறை என்பது என் கருத்து. ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து காற்றாடிபோல் விரியும் ஒற்றை நந்தியாவட்டை மலரை மெல்லிய தாளில் வரைந்து, இரண்டையும் செய்து பார்க்கலாம். 72 பாகை சுழற்றினால் மலர் ஏறத்தாழ மாறாது. தாளைப் புரட்டினால் இதழ்களின் சாய்வு எதிர்ப்பக்கமாகிவிடும்.

டேங்கிராம் விளையாடிய மாணவர்கள் இதனை ஏற்கெனவே கையால் உணர்ந்திருப்பர். அதிலுள்ள ஐந்து முக்கோணங்களுக்கும் சதுரத்துக்கும் சமச்சீர்க் கோடு உண்டு. அவற்றைப் புரட்டுவதால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஏழு துண்டுகளுள் சில உருவங்களுக்காகப் புரட்டியே ஆகவேண்டியது இணைகரம் ஒன்றுதான்.