தராசு பேசும் மொழி யாருக்குச் சொந்தம்?



சில ஆண்டுகளுக்கு முன் என் மண்டிக்கு எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினேன். எடை சரியாகவே காட்டியது. அதைப் பில் போடும் கம்ப்யூட்டரோடு இணைக்கப் போனபோதுதான் வினை வந்தது. தராசு எண்களை எந்த வேகத்தில், எந்த வரிசையில் அனுப்புகிறது என்ற விவரத்தை விற்றவர் தர மறுத்தார். "எங்கள் சாப்ட்வேரையே வாங்குங்கள்" என்றார். வேறு வழியின்றிப் பையன் எடையைப் பார்த்துக் கையால் அடித்தான். 52 கிலோ 25 கிலோ ஆன பில்லும் உண்டு. நஷ்டம் எனக்குத்தான்.

எங்கள் அப்பா காலத்தில் ஊருக்கு ஒரு படி. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகுதான் கிலோவும் லிட்டரும் பொதுவாயின. கருவிகளின் மொழிக்கும் அதே பொதுமை வேண்டும். கம்பெனி தன் முறையை முழுதாக எழுதிக் கொடுத்தால்தான் அது தர நிர்ணயத்தில் இடம்பெற முடியும்.

இதற்கு நல்ல உதாரணம் நம் கல்லா மேலேயே இருக்கிறது. க்யூ.ஆர். குறியீட்டை ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1994-இல் வாகன உதிரி பாகங்களுக்காக உருவாக்கியது. காப்புரிமை இருந்தும் விவரத்தை வெளியிட்டது. தரத்தின்படி பயன்படுத்துவோரிடம் உரிமை கோருவதில்லை என்றும் அறிவித்தது. 1999-இல் அது ஜப்பானியத் தரமாயிற்று, 2000-இல் ஐ.எஸ்.ஓ. சர்வதேசத் தரமாயிற்று. பக்கத்திற்கு 21 முதல் 177 கட்டங்கள், மூலைச் சதுரங்களின் அளவு, எழுத்து கருப்பு வெள்ளையாக மாறும் விதம், சுமார் 30 சதம் வரை சேதமானாலும் மீட்கும் கணக்கு என எல்லாம் அதில் உண்டு. படித்தவர் கம்பெனியைக் கேட்காமலே கருவி செய்ய முடிய வேண்டும். ஆவணம் முழுமையானதா என்பதற்கு அதுவே சோதனை. கம்பெனிக்கும் நஷ்டமில்லை, குறியீடு பரவியதால் அது செய்த ஸ்கேனர்களுக்குச் சந்தை விரிந்தது.

ஆனால் உறை பொதுவானால் போதாது, உள்ளிருக்கும் கடிதமும் பொதுவாக வேண்டும். நம் நாட்டில் சில பணப்பட்டுவாடா கம்பெனிகள் தங்கள் செயலிக்கு மட்டும் புரியும்படி குறியீட்டினுள் எழுதின. கல்லாவில் அட்டைகள் பெருகின. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, புதிய தனிக் குறியீடுகள் கூடாது, பழையவை 2022 மார்ச் 31-க்குள் யு.பி.ஐ., பாரத் க்யூ.ஆர். போன்ற பொது முறைக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று எந்தச் செயலிக்காரர் வந்தாலும் ஒரே அட்டையில் பணம் பெறுகிறோம்.

ஆகவே தராசோ பில் பிரிண்டரோ வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இணைப்பு விவரம் எழுத்தில் கிடைக்குமா? எந்தத் தரத்தின்படி இயங்குகிறது? வேறு சாப்ட்வேர்காரர் கட்டணமின்றி இணைக்கலாமா? பதிலை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். விலையில் நூறு ரூபாய் குறைப்பதைவிட இது பெரிய லாபம்.