வெயிலுக்கு ஒதுங்கும் நகரில் மூன்று வாரம்

பீனிக்ஸ் நகரில் ஜூலை மாதம் குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். மண்ணும் சுவரும் அந்த அளவுக்குச் சூடேறிக் கிடக்கின்றன. குளிப்பதற்குத் தண்ணீரைச் சுடவைக்க வேண்டியதில்லை. குடிப்பதற்குத்தான் ஆறவைக்க வேண்டும். காரின் ஸ்டீயரிங்கைத் தொட முடியாமல், சமையலறைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஓட்டுபவர்களையும் அங்கே பார்க்கலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரம் அது. சுமார் 16 லட்சம் பேர் வாழும், மக்கள்தொகையில் அந்நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம். என்னோடு ஐந்தாம் படிவம் வரை ஒரே வகுப்பில் படித்த தோழி இப்போது அதை ஒட்டியுள்ள டெம்பி நகரில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என் செமஸ்டர் விடுமுறை அவளுடைய கோடை விடுமுறையோடு ஒத்துப்போனதால் மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கினேன். "சுற்றிப் பார்க்க வராதே, சும்மா இருக்க வா" என்று முன்பே சொல்லிவிட்டாள். மலேசிய நேரத்தைவிட 15 மணி நேரம் பின்தங்கிய ஊர் என்பதால் முதல் மூன்று நாள் தூக்கத்திலேயே போயின. அந்த ஊருக்கு அது பொருத்தமான தொடக்கம்தான். அங்கே பகலில் எல்லாருமே ஒதுங்கித்தான் கிடக்கிறார்கள்.

கோடையில் அந்நகரின் நாள் அதிகாலை நான்கரைக்குத் தொடங்குகிறது. கூரை வேலை செய்பவர்கள் விளக்கு வெளிச்சத்திலேயே ஏணியில் ஏறிவிடுகிறார்கள். ஐந்து மணிக்குக் கால்வாய்க் கரையில் நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் நாயோடு வருபவர்களும் நிறைந்திருப்பார்கள். எட்டு மணிக்குள் எல்லாரும் மறைந்துவிடுவார்கள். வெப்ப எச்சரிக்கை விடுத்த நாள்களில் ஒட்டக முதுகு போன்ற உருவமுள்ள கேமல்பேக் மலையின் பாதைகளைப் பகலில் நகராட்சியே மூடிவிடுகிறது. வெப்பம் 37.8 டிகிரியைத் தொட்டால் நகராட்சியின் மலைப்பாதைகளில் நாயை அழைத்துச் செல்லத் தடை. தார்ச்சாலையின் மேற்பரப்பு 70 டிகிரியையும் தாண்டும். கீழே விழுந்து உடனே எழ முடியாதவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

ஒன்பது மணியிலிருந்து மாலை ஏழு வரை எங்களுக்கு வேலையே இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, தரையில் படுத்துக்கொண்டு, பள்ளிக் காலக் கதைகளைப் பேசித் தீர்த்தோம். அவள் படிக்காமல் அடுக்கி வைத்திருந்த நாவல்களில் நான்கை நான் முடித்தேன். மதியம் தயிர்ச்சோறும் கிள்ளிப்போட்ட மிளகாய் வற்றலும். ஐந்திணை படித்த மாணவர்களுக்கு நினைவிருக்கும், பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல். வகுப்பில் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அசையாத தெருவை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அந்த மதியங்களில்தான், நம் முன்னோர் ஏன் வேறு பொழுதைச் சொல்லவில்லை என்று புரிந்தது.

நம்மூரில் 32 டிகிரிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. அங்கே 45 டிகிரியில் நின்றாலும் சட்டை காய்ந்தே இருக்கும். வியர்க்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்வையாகப் போகலாம். சட்டையை நனைக்கும் முன்பே அது தோலிலிருந்து ஆவியாகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்வையால் உடல் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டும். 45 டிகிரி வெப்பமும் 10 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அது ஏறக்குறைய 21 டிகிரி. நம்மூரின் 32 டிகிரிக்கும் 75 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கும் 28 டிகிரி. அந்தக் கணக்கில் பார்த்தால் கிள்ளான் மதியமே மோசம்! ஆனால் இந்தக் கணக்கு, நிழலில் இருப்பவருக்கு, கையில் தண்ணீர் இருப்பவருக்கு, வியர்வை சுரக்கும் ஆரோக்கியம் உள்ளவருக்கு மட்டுமே. முதியவர்களுக்கும் சில மருந்துகள் உட்கொள்பவர்களுக்கும் வியர்வை குறைவு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று தோழி என் கையில் இரண்டு லிட்டர் புட்டியைத் திணித்தாள். பேருந்து நிறுத்தத்துக்குப் போனாலும் அது கூடவே வர வேண்டும்.

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வருகிறதா? பீனிக்ஸ் இருப்பது சொனோரன் பாலைவனத்தில். அது பச்சை நிறமுள்ள பாலைவனம். குளிர்காலத்தில் ஒன்று, கோடைக் கடைசியில் ஒன்று என இரண்டு மழைக்காலம் அதற்கு. பாலோ வெர்டே என்ற மரம் இலைகளை உதிர்த்துவிட்டுப் பச்சைத் தண்டாலேயே உணவு தயாரிக்கும். இரண்டு கையையும் தூக்கி நிற்கும் ஆள் போன்ற சகுவாரோ கள்ளியைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த முதல் 'கை' முளைக்கவே 50 முதல் 75 ஆண்டுகள்வரை ஆகும். அதன் பழம் பழுப்பது கோடையின் உச்சத்தில். தொஹோனோ ஓஓதம் பழங்குடியினர், காய்ந்த சகுவாரோவின் உள்தண்டையே நீண்ட துறட்டியாக்கி அந்தப் பழத்தைப் பறிக்கிறார்கள். அவர்களுடைய புத்தாண்டும் அந்த அறுவடையோடுதான் பிறக்கிறது. நாம் ஒளிந்துகொள்ளும் மாதம் அவர்களுக்கு ஆண்டின் தொடக்கம்!

இருட்டிய பிறகு நகரம் மெல்ல வெளியே வரும். பாப்பகோ பூங்காவில் உள்ள பாலைவனத் தாவரவியல் பூங்கா கோடையில் சில இரவுகளில் திறந்திருக்கும். கைவிளக்கோடு கள்ளிகளுக்கு நடுவே நடக்கலாம். நாங்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னாலிருந்த மதில் சுவரோடு திருப்தியடைந்தோம். புற ஊதா விளக்கை அடித்தால் சுவரில் இருக்கும் தேள்கள் பச்சையாக ஒளிரும். ஒரே இரவில் ஏழு எண்ணினோம். செருப்பை உதறாமல் காலில் போடக் கூடாது என்பதை அதற்குப் பிறகு யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. இரவுச் சந்தை இல்லாத ஊரில் அதுவே எங்களுக்குப் பாசார் மாலாம்.

அந்தக் கால்வாய்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஹோஹோகாம் என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் மக்கள் கல், மரக் கருவிகளால் சால்ட் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். 15ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்த ஊர்கள் கைவிடப்பட்டன. 1867இல் வந்த குடியேறிகள் தூர்ந்துபோன அதே கால்வாய்த் தடங்களைத் தோண்டித் தண்ணீர் விட்டார்கள். பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழும் ஊர் என்பதால்தான் பீனிக்ஸ் பறவையின் பெயர். இன்று அந்தத் தண்ணீர் போதாமல், 540 கிலோமீட்டர் நீளமுள்ள இன்னொரு கால்வாய் கொலராடோ ஆற்று நீரை மேடேற்றிக் கொண்டுவருகிறது. வறட்சியால் 2022இல் அந்த ஆற்றிலிருந்து அரிசோனாவுக்கு வரும் பங்கு ஏறக்குறைய 18 விழுக்காடு வெட்டப்பட்டது. இருந்தும் புதிய வீடுகளின் விளம்பரப் பலகைகளை எல்லாப் பக்கமும் பார்த்தேன். நகரத்தின் தைரியத்தை மெச்சுவதா, கடிந்துகொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றி அங்கே எல்லாரும் பேசுகிறார்கள். ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள், பகலின் உச்ச வெப்பம் 43.3 டிகிரிக்குக் குறையவே இல்லை. ஜூலை 19 அன்று விடியற்காலையின் மிகக் குறைந்த வெப்பமே 36 டிகிரி. பகல் முழுவதும் சூட்டைக் குடித்த கான்கிரீட்டும் தாரும் இரவில் அதைத் திருப்பித் தருகின்றன. உடலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அந்த ஆண்டு பீனிக்ஸ் அடங்கிய மாரிக்கோப்பா மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் வீடற்றவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களில் பெரும்பாலானோரின் வீட்டில் ஏர்கோன் இருந்திருக்கிறது. பழுதாகியிருந்தது, அல்லது ஓடவில்லை.

ஏர்கோன் அங்கே வசதிப் பொருள் இல்லை. 2018 செப்டம்பரில், 51 டாலர் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட 72 வயது மூதாட்டி ஒருவர் தம் வீட்டில் வெப்பத்தால் இறந்தார். அதன் பிறகுதான், 2019இல், ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை கட்டணம் கட்டாதவர்களின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் தடுத்தது. வெளியில் வேலை செய்யும் நகராட்சி ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2024இல்தான் வந்தது. இவற்றைப் படித்த பிறகு, திரைச்சீலைக்குப் பின்னால் நாவல் படிப்பது அவ்வளவு சாதாரணமாகத் தோன்றவில்லை. எங்கள் ஓய்வுக்கு மாதக் கட்டணம் இருந்தது. அதைத் தோழியால் கட்ட முடிந்தது.

அவள் தினமும் மாலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். அங்கே, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மெக்சிகோ வம்சாவளிப் பெண்மணி தனியாக இருந்தார். எங்களுக்குள் அவர் 'பாட்டி'. ஓய்வூதியக்காரர், ஏர்கோனை 30 டிகிரியிலேயே வைத்திருப்பார். "கதவைத் திறந்தார்னா போதும்டி, ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடுவேன். திறக்கலைன்னா என்ன செய்யணும்னு பேசி வெச்சிருக்கோம்" என்றாள். அவருடைய மகளின் தொலைபேசி எண் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு பிற்பகல் எங்கள் ஏர்கோன் நின்றுபோனது. நுட்பர் மறுநாள் காலைதான் வருவார் என்று கட்டட நிர்வாகம் சொல்லிவிட்டது. மூன்று மணிக்கு 27 டிகிரியாக இருந்த வீடு, ஏழு மணிக்கு 35. வெளியே 43. ஜன்னலைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்தது போல இருந்தது. காற்றாடி சூட்டைத்தான் வாரி அடித்தது. தோழி பதறவில்லை. ஐஸ்கட்டி, மடிக்கணினி, மாற்றுடை ஆகியவற்றைப் பையில் போட்டாள். கோடையில் வெப்பத்துக்கு ஒதுங்க நகரின் சில நூலகங்கள் இரவிலும் திறந்திருக்கின்றன. அங்கே போவதாகத் திட்டம். போகும் வழியில் வழக்கம்போல் பாட்டியின் கதவைத் தட்டினாள்.

பாட்டி எங்களை விடவில்லை. கூடத்தில் இரண்டு போர்வைகளை விரித்தார். பீன்ஸும் சோளரொட்டியும் தந்தார். பிறகு சுவருக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 30இல் இருந்த எண்ணை 25க்குக் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தோழி என் கையை அழுத்தினாள். மறுநாள் எங்கள் ஏர்கோன் சரியானதும் கூடுதல் மின்சாரத்துக்குப் பணம் தரலாமா என்று அவளிடம் கேட்டேன். "காசைக் கொடுத்தா நாளைக்குக் கதவைத் திறக்க மாட்டாங்க" என்றாள். அந்த வாரச் சந்தைச் செலவை அவளே பார்த்துக்கொண்டாள். பாட்டிக்கு வாங்கிய தர்பூசணியைக் 'கூடுதலாக வாங்கிவிட்டோம்' என்று சொல்லிக் கொடுத்தாள்.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மழை வந்தது. முதலில் தெற்கில் பழுப்பு நிறச் சுவர் ஒன்று எழுந்தது. 'ஹபூப்' என்ற அரபுச் சொல்லாலேயே அங்கும் அந்தப் புழுதிப்புயலை அழைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எதிர்வீடு மறைந்தது. அடுத்து இடி, அதன் பிறகு பெருந்துளிகள். மண்வாசனை நமக்குப் பழகியதுதான். ஆனால் அங்கே மழைக்கு வாசனை தருவது கிரியோசோட் என்ற புதர். அதன் இலைப்பிசின் நனைந்ததும், காரமும் மருந்தும் கலந்த ஒரு மணம் ஊர் முழுக்க எழுகிறது. அரை மணி நேரத்தில் வெப்பம் 41 டிகிரியிலிருந்து 28க்கு இறங்கியது.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூன்று வாரமாக நான் பார்த்தேயிராத அண்டைவீட்டார் வாகன நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றார்கள். குழந்தைகள் வெறுங்காலோடு தார்த்தரையில் ஓடினார்கள். பாட்டி மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்து, தன் வாசலில் போட்டு உட்கார்ந்தார். வீட்டின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தார். உள்ளே ஏர்கோனை அணைத்தாயிற்று என்று தோழியிடம் சைகையில் காட்டினார்.